அவுட்டரில் நிற்கும் வண்டி

உங்கள் வீடு ரயில் பாதை ஓரமாக, அதுவும் அவுட்டர் சிக்னல் பக்கத்தில் இருந்திருக்கிறதா? ஈரோட்டில், கரூர் லைனில் எங்களுக்கு இருந்தது. 1980-களின் கடைசி. அப்பா சரக்கு ரயில் டிரைவர். ஸ்டேஷனில் இடமில்லை என்றால் வண்டி எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் நிற்கும். நின்ற பிறகும் இன்ஜின் 'குடுகுடு'வென்று முனகிக்கொண்டே இருக்கும். எங்கள் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் தாளம் போடும்.

அந்த இன்ஜினுக்குப் பெயர் டபிள்யூ.டி.எம்-2. ஆல்கோ என்ற அமெரிக்க கம்பெனியின் டிசைன். 1962-ல் கப்பலேறி வந்தது. 1964-லிருந்து வாரணாசியிலேயே தயாரித்தார்கள். ஆல்கோ 1969-ல் ரயில் இன்ஜின் செய்வதையே விட்டுவிட்டது. இங்கே பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்தன! 16 சிலிண்டர், 2,600 குதிரைசக்தி, வயிற்றில் 5,000 லிட்டர் டீசல். பி.காம் படித்த புத்தி, 'டேங்கை நிரப்ப எவ்வளவு ஆகும்?' என்றுதான் முதலில் கணக்குப் போட்டது.

கிளம்பும்போது கக்கும் பாருங்கள் ஒரு கரும்புகை... கொடியில் காயும் வேட்டி, சேலையெல்லாம் அம்போ! "ஏம்ப்பா இப்படிப் புகையுது?" என்று ஒருமுறை கேட்டேன். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ. டிரைவர் நாட்ச் ஏற்றியதும் டீசல் உடனே உள்ளே போய்விடும். டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை டீசலுக்குக் காத்து பத்தாது, அரைகுறையா எரியும், அதான் புகை என்றார். "மொத்தம் எட்டு நாட்ச். ஒண்ணொண்ணா, நிதானமா ஏத்தணும். அவசரக்காரன்தான் ஊரையே கருப்பாக்குவான்."

அப்பா நிதானக்காரர். அம்மாவுக்கு அது காதாலேயே தெரியும். பின்னால் வண்டி கிளம்பும். உறுமல் ஒரு படி ஏறும், நிற்கும், இன்னொரு படி ஏறும். "அப்பாதான்டா" என்று உலையில் அரிசியைப் போடுவார். ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு சைக்கிளில் அப்பா வந்து சேரும்போது சோறு சூடாக இருக்கும். சத்தம் தடதடவென்று ஏறினால், அம்மா துணி எடுக்கக் கொல்லைப்புறம் ஓடுவார்.

அப்பா காலமாகி வருஷங்கள் ஆயிற்று. கரூர் லைனிலும் மின்கம்பி வந்துவிட்டது. இப்போது ஓடும் மின்சார இன்ஜின்களில் 6,000 குதிரைசக்தியைத் தாண்டியவை உண்டு. புகை கிடையாது, டம்ளர் ஆடாது. துணி வெள்ளையாகவே காய்கிறது. நியாயமாகப் பார்த்தால் பழைய டீசலுக்காக ஏங்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஏங்குகிறேன், என்ன செய்ய!

போன தடவை ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி அவுட்டரில் ஏதோ டீசல் வண்டி நிற்கும் சத்தம். அம்மாவுக்கு இப்போது டி.வி-யைக்கூட உரக்க வைக்க வேண்டும். ஆனால், கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வண்டி கிளம்பியது. புது மாடல், டூ ஸ்ட்ரோக் இன்ஜின். ஒரே சீராக இரைந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை காதைக் கொடுத்துக் கேட்டார்.

"இது அந்த இன்ஜின் இல்ல கண்ணு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.