காது காப்பாற்றிய கதைகள்

விஞ்ஞானக் கதை டிவி தொடர்களின் ரசிகர் ஒரு விநோதப் பிறவி. அட்டைச் சுவர் ஆடினால் மன்னிப்பார். கதை ஆடினால் மன்னிக்க மாட்டார். 'ஸ்டார் ட்ரெக்' (1966-69) தயாரிப்பாளர்களிடம் வாராவாரம் கப்பலைக் கிரகங்களில் இறக்கிக் காட்டக் காசில்லை. ஆட்களை மட்டும் கரைத்து அனுப்பும் கருவி அதனால்தான் பிறந்தது. பணம் தாராளமாக இருந்திருந்தால் அந்த யோசனையே வந்திருக்காது என்பது அவர் கட்சி.

படம் பழசாகும், குரல் பழசாகாது என்பது அடுத்த வாதம். அதற்குப் பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' சாட்சி. 1963ல் தொடங்கிய அந்தத் தொடரின் பல பகுதிகளை பி.பி.சி. பின்னாளில் அழித்துவிட்டது. விலை உயர்ந்த வீடியோ டேப்பை மறுபடி பயன்படுத்த வேண்டியிருந்தது. பழைய நிகழ்ச்சியை யார் திரும்பப் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம் வேறு. 1964ல் வந்த 'மார்க்கோ போலோ' கதையின் ஏழு பகுதிகளில் ஒன்றுகூட அதனிடம் மிஞ்சவில்லை.

ஆனால் ஒலி தப்பியது. டிவி முன் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த சில ரசிகர்களின் புண்ணியம். படம் தொலைந்த எல்லாப் பகுதிகளுக்கும் இன்று ஒலி இருக்கிறது. 'மார்க்கோ போலோ' 2003ல் சி.டி.யாக வந்தபோது, இடையிடையே காட்சியை விளக்கியவர் அதில் நடித்த வில்லியம் ரசல். கோபி பாலைவனம் அதில் பிரமாதமாக விரிகிறது. ஸ்டுடியோ மணல் கண்ணில் படாததுதான் காரணமோ என்னவோ!

மாயாஜாலக் கதைகளுக்கோ கண்ணே தேவையில்லை என்கிறார் ரசிகர். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலை 1990ல் முழுதாக வாசித்த ராப் இங்லிஸ், பாட்டுகளையும் தானே பாடினார். 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஒலிப் புத்தகத்தில் 224 பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்து கின்னஸில் ஏறினார் ராய் டோட்ரிஸ். 85 வயதைத் தாண்டி அவர் வாசித்த ஐந்தாம் நூலில் சில பாத்திரங்களின் குரல் மாறிப்போனது. ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை.

பாட்டியிடம் கதை கேட்டவர்களுக்கு இது புரியும். ராட்சசன் எவ்வளவு உயரம் என்று பாட்டி படம் போட்டா காட்டினாள்?