பாட்டிக்குத் தெரிந்த பால் வாடை

தினமும் காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, “வெளியே கிளம்பும் முன் டயரை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள் நேயர்களே” என்று சொல்வது என் தொழில். ஊருக்குச் சொன்னதை நானும் கேட்டிருந்தால், இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

வேலை கோலாலம்பூரில், வீடு பினாங்கு ஜெலுத்தோங்கில். ஐந்து ஆண்டுச் சேமிப்பில் ஒரு பழைய ஹோண்டா சிவிக் டைப்-ஆர் வாங்கியிருந்தேன். அம்மாவுக்கு அதன் சத்தம் பிடிக்காது. பாட்டிக்கு அதன் உயரம் பிடிக்காது. “இது காடியாடா, பள்ளமாடா?” என்று கேட்டுக்கொண்டேதான் ஏறுவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. லெபோ குயின் மகா மாரியம்மன் கோயிலில் காலைப் பூசைக்கு நேரமாகிவிட்டது. வீட்டைவிட்டுக் கிளம்பியதுமே காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. போன மாதமும் இப்படித்தான் எரிந்தது, காற்று அடித்ததும் அணைந்தது. ‘கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்ப்போம்’ என்று ஓட்டினேன். வெல்ட் கீ பக்கம் வரும்போது பின்பக்கம் ‘தடதட’வென்று ஆடியது. இறங்கிப் பார்த்தால், இடது பின்டயர் சப்பையாகக் கிடந்தது. நடுவில் ஒரு திருகாணி.

இந்த வண்டியில் மாற்று டயர் கிடையாது. ஒரு புட்டியும் சிறிய காற்றுப் பம்பும்தான் வைத்திருக்கிறார்கள். புட்டியில் இருக்கும் வெள்ளைத் திரவத்தை டயருக்குள் செலுத்தி, காற்றடித்து, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் பட்டறைக்குப் போய்ச் சேர வேண்டும். பம்பை இயக்கினேன். ஆணி ஓரமாக வெள்ளைத் துளிகள் கசிந்தன. பாட்டி சன்னலை இறக்கி மூக்கை உறிஞ்சினார்.

“டேய், இது பால் மரத்துப் பால்டா! அமோனியா வாடை அடிக்குது பாரு.”

சிரித்துவிட்டுப் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் ‘லேடெக்ஸ்’ என்றே எழுதியிருந்தது.

பாட்டி பன்னிரண்டு வயதில் கெடா தோட்டமொன்றில் உளி பிடித்தவர். வாளியில் சேர்த்த பால் கட்டியாகாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்களாம். “வெட்டுன வாயில பால் உறைஞ்சு தானே அடைச்சுக்கும். அதான் மரம் பொழைக்குது” என்றார். என் டயருக்குள் நடந்ததும் அதேதான். காற்று ஓட்டை வழியே வெளியேறும்போது பாலும் கூடவே போய், அங்கே உறைந்து அடைத்துக்கொள்கிறது. 1888இல் டன்லப் காற்றடைத்த சைக்கிள் டயரைச் செய்தார். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின, ரப்பருக்குத் தேவை கூடியது, மலாயாவில் தோட்டங்கள் பெருகின. பாட்டியின் அப்பாவும் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி இதே பினாங்குத் துறையில் வந்து இறங்கினார். அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் நான் பஞ்சரான டயரோடு நின்றுகொண்டிருந்தேன்.

மெதுவாக உருட்டிக்கொண்டு டத்தோ கெராமாட் சாலையில் ஒரு டயர் கடைக்குப் போனோம். “அண்ணே, புழு போட்டு விட்டுடுங்க. ராத்திரியே கேஎல் போகணும்” என்றேன். ‘புழு’ என்றால் வெளியிலிருந்தே ஓட்டைக்குள் திணிக்கும் பிசின் கயிறு. பத்து நிமிட வேலை, செலவும் சில வெள்ளிதான்.

அண்ணன் தயங்கினார். “போட்டுத் தரலாம் தம்பி. ஆனா ஹைவேயில போற காடி. கழட்டி உள்ள பார்க்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

நான் வாதாடத் தொடங்கினேன். பெஞ்சில் இருந்த பாட்டி ஒரே வரியில் முடித்தார்: “கழட்டிப் பாருங்க தம்பி. மரத்துல பட்டை நல்லாத்தான் தெரியும், காயம் உள்ளதான் இருக்கும்.”

டயரை ரிம்மிலிருந்து பிரித்து, உள்ளே இருந்த பாலைத் துடைத்தார். ஆணி ஓட்டை நான்கு மில்லிமீட்டர்தான், அதுவும் நடுப்பகுதியில். ஆறு மில்லிமீட்டருக்குள், சாலையைத் தொடும் பகுதியின் நடுவில் இருந்தால் ‘காளான்’ ஒட்டு போடலாம். ஓட்டையைத் துளையிட்டுச் சீராக்கி, உட்பக்கம் தேய்த்து, பசை தடவி, காளான் போன்ற துண்டின் காம்பை உள்ளிருந்து வெளியே இழுத்து, உருளையால் அழுத்துவார்கள். காம்பு ஓட்டையை அடைக்கும். குடை உட்பக்கத்தை மூடும். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்து அவர் கைவிளக்கைப் பக்கச்சுவரின் உட்புறம் காட்டினார். வட்டமாகத் தேய்ந்த ஒரு கோடு. விரலால் தொட்டால் கறுப்புப் பொடி.

“ஆணியால சாகல தம்பி. காத்து இல்லாம நீங்க ஓட்டுனதுல செத்துடுச்சு.”

என் டயரின் அளவு 245/30 ஆர்20. பக்கச்சுவரின் உயரம் ஏழு சென்டிமீட்டர் சொச்சம்தான். சாதாரண மைவி டயரில் அது பத்து சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, காற்று. காற்றுப் போனால் அந்த மெல்லிய சுவர் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கி, சூடேறி, உள்ளிருக்கும் இழைகள் அறுகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. மறுபடி காற்றடித்தால் பழையபடி நிமிர்ந்து நிற்கும். நெடுஞ்சாலையில் 110இல் போகும்போதுதான் வெடிக்கும்.

‘புழு’வைப் போட்டுக்கொண்டு அன்றிரவே கிளம்பியிருந்தால்? அடுத்த வாரம் அம்மாவும் பாட்டியும் என்னோடு கேஎல் வருவதாக இருந்தார்கள். கணக்குப் பார்க்க மனம் வரவில்லை.

அந்த அளவு டயர் கடையில் இல்லை. விலை ஆயிரம் வெள்ளிக்கு மேல். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, சுங்கை நிபோங்கில் இரவுப் பேருந்து ஏறினேன். திங்கள் காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்து வழக்கமான வரியைச் சொன்னேன். கூடவே புதிதாக ஒன்று: “விளக்கு எரிந்தால் அப்போதே ஓரம் கட்டுங்கள். பஞ்சர் ஒட்டுபவரிடம், கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.”

நிகழ்ச்சி முடிந்ததும் பாட்டி அழைத்தார். “கேட்டேன்டா. நான் சொன்னதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

சொல்லிவிட்டேன் பாட்டி, இப்போது.