புவனகிரியில் ஒரு ரகசியப் போர்வை!

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, 'ரகசியம் எங்க இருக்கு?'ன்னு கேட்டுப் பாருங்க. அத்தனை பேரும் கோயில் பக்கம் கை காட்டுவாங்க. ஆனா, நான் போன ரகசியம் வேற ஊர்ல. புவனகிரி பஸ்ஸைப் பிடிச்சு, வெள்ளாத்துப் பாலத்தைத் தாண்டினா வந்துடும். அரை மணி நேரம்கூட ஆகாது பாஸ்!

ராகவேந்திரர் பிறந்த ஊர்னு புவனகிரியைத் தெரியும். கைத்தறிக்கும் பேர் வாங்கின ஊருங்கிறது, ரூம்மேட் வீட்டுக்குப் போனப்பதான் எனக்குத் தெரிஞ்சது. அவனோட ஆயா வீட்டுத் திண்ணையில ஒரு தகரப் பெட்டி. திறந்தா... துணி, துணி, துணி! எல்லாம் பருத்தி. தாத்தா நெய்த புடவைகளோட மிச்சம், கிழிஞ்ச லுங்கி, வெட்டுத் துண்டுகள். தாத்தா இப்போ இல்லை. தறியும் வித்தாச்சு. பெட்டி மட்டும் இருக்கு.

"பேத்திக்குக் குழந்தை பொறக்கப் போவுது. ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கணும். எனக்குக் கண்ணு மங்கலா போச்சு. நீ வெட்டுறியா தம்பி?"ன்னாங்க ஆயா.

"டிசைன் என்ன ஆயா?"

"அத ஏன் இப்பவே கேக்குற? நான் சொல்றத மட்டும் செய்யி. கலரு உன் இஷ்டம்!"

கதையோட கடைசிப் பக்கத்தை முதல்ல படிக்கிற ஆள் நான். மூணாம் வருஷம் இன்ஜினீயரிங் வேற. எந்த கம்பெனி வரும், எவ்வளவு தரும்னு தெரியாம தூக்கம் வராத சீஸன். இதுல இது வேறயா?

அப்புறம்தான் தெரிஞ்சது, அமெரிக்காவுல இதே விளையாட்டுக்கு 'மிஸ்டரி குவில்ட்'னு பேரே வெச்சிருக்காங்க. முதல்ல கலரை மட்டும் முடிவு பண்ணணும். அப்புறம் ஒரு குறிப்பு, அடுத்த வாரம் இன்னொரு குறிப்பு. கடைசி வரைக்கும் முழு டிசைன் தெரியாது. பான்னி ஹன்ட்டர்ங்கிற டிசைனர் 2014ல 'கிராண்ட் இல்யூஷன்'னு ஒண்ணு நடத்தினாங்க. அதுக்கு அவங்க கலர் எடுத்தது மேக்கினாக் தீவுல இருக்கிற கிராண்ட் ஹோட்டல்லேர்ந்து. பிடிக்கலைன்னா நம்ம இஷ்டத்துக்குக் கலரை மாத்திக்கலாம்.

ஹோட்டல்லேர்ந்து எடுக்கலாம்னா, நம்ம ஊர்லேர்ந்து எடுக்கக் கூடாதா?

1823ல வள்ளலார் பிறந்த மருதூர், புவனகிரிக்குப் பக்கத்துலதான். அவர் வடலூர்ல கட்டின சத்திய ஞான சபையில, 1872 தைப்பூசத்துலேர்ந்து ஜோதி தரிசனம் நடக்குது. ஜோதிக்கு முன்னால ஏழு திரை. கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை... ஏழாவது, எல்லாம் சேர்ந்த கலப்பு. ஒவ்வொண்ணா விலகினாதான் ஜோதி தெரியும். ரகசியப் போர்வைக்கு இதைவிட வேற கலர் சார்ட் வேணுமா?

ஆறு கலரைப் பெட்டியில தேடி எடுத்தேன். ஏழாவதுக்குத் துணியே இல்லை. "கலப்பு எங்க ஆயா?"ன்னேன். "வரும்"னாங்க. அவ்வளவுதான்!

இனிமே ஞாயித்துக்கிழமைக் கணக்கு. நீங்களும் குறிச்சுக்கங்க.

முதல் ஞாயிறு: துவைக்கிறது. ஒவ்வொரு கலரையும் தனித்தனியா தண்ணியில ஊறப்போட்டு, சாயம் போகுதான்னு பார்க்கணும். இதைத் தாண்டிப் போனீங்கன்னா, தைச்ச பிறகு சிவப்பு இறங்கி வெள்ளை ரோஸாயிடும்.

ரெண்டாவது: 5 இன்ச் சதுரமா வெட்டுறது. வெளிர் 70, அடர் 70. வெள்ளை 35, பொன் 35. அந்தப் பக்கம் கருப்பு 10, நீலம், பச்சை, சிவப்பு தலா 20. எது வெளிர், எது அடர்னு குழப்பமா? "கண்ணைச் சுருக்கிப் பாரு. கலரு மறைஞ்சு, வெளிச்சம் மட்டும் தெரியும்"னாங்க ஆயா. மங்கின கண்ணால அவங்க என்னைவிட வேகமா பிரிச்சாங்க!

சிவப்புலதான் கத்திரி நின்னுடுச்சு. அது தாத்தா கடைசியா நெய்த அரக்குப் புடவையில பாதி. "இதை வேணாம் ஆயா, வேற வாங்கிக்கலாம்"னேன்.

கொஞ்ச நேரம் பேசலை. துணியை மடியில வெச்சுத் தடவிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் என் கையில கொடுத்து, "வெட்டாம வெச்சா பூச்சிதான் கட்டிக்கும். வெட்டுடா"ன்னாங்க. வெட்டினேன். கை நடுங்கினது நிஜம்.

மூணாவது: ஒரு வெளிர், ஒரு அடர் ஜோடி சேர்த்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு. கோட்டுல தைக்கக் கூடாது! அதுக்கு ரெண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளி ஒவ்வொரு தையல். நான் வழக்கம்போல ஓவர் கான்ஃபிடன்ஸ். 12 ஜோடியை அரை இன்ச் தள்ளித் தைச்சுட்டேன். "கால் இன்ச்தானே ஆயா..."

சரி, கணக்குப் போடுங்க. நீளத்துல 14 துண்டு வரும். துண்டுக்குக் கால் இன்ச் குறைஞ்சா மொத்தம் மூன்றரை இன்ச் காலி! வகுப்புல 'டாலரன்ஸ்'னு மனப்பாடம் பண்ணினது, பெடல் மிஷின் முன்னாலதான் புரிஞ்சது. சாயந்திரம் பூரா தையல் பிரிச்சேன்.

நாலாவது: பென்சில் கோட்டுல வெட்டினா, ஒரு ஜோடியிலேர்ந்து பாதி வெளிர், பாதி அடர்னு ரெண்டு சதுரம். 70 ஜோடிக்கு 140! இஸ்திரி போட்டு எல்லாத்தையும் நாலரை இன்ச்சுக்கு ட்ரிம் பண்ணணும். டிசைன் இன்னும் சொல்லலை. ஒரு நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டுப் பார்த்துட்டேன்.

அஞ்சாவது ஞாயிறு. நாலு நாலா எடுத்துத் திண்ணையில வைக்கச் சொன்னாங்க. "அடரு முக்கோணமெல்லாம் ஒரே பக்கமா சுத்தணும்." வெச்சேன். திருப்பினேன்... காத்தாடி! நாம பனை ஓலையில செஞ்சு ஓடுவோமே, அதே காத்தாடி. 35 காத்தாடி. அஞ்சு வரிசை அகலம், ஏழு வரிசை நீளம், 40-க்கு 56 இன்ச்.

ரெண்டு பழம்புடவையை அடியில மடிச்சு வெச்சு, மூணையும் ஓட்டுத்தையல் போட்டு இணைச்சோம். வங்காளத்துல 'காந்தா', கர்நாடகாவுல 'கவுதி'ன்னு பழந்துணியை அடுக்கித் தைக்கிறதும் இதே வேலைதான்.

முடிச்சு, விரிச்சதும் ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாங்க. "கேட்டியே, ஏழாவது கலரு... இதோ!"ன்னு மொத்தப் போர்வையையும் காட்டினாங்க. அப்புறம் விரலால தடவிக்கிட்டே போய், ஒரு அரக்கு முக்கோணத்துல நின்னாங்க. அந்த விரலை ரொம்ப நேரம் எடுக்கலை.

சிதம்பரத்துல திரையை விலக்கினா, பொன் வில்வ மாலையும் வெட்டவெளியும்தான். இங்க விலக்கினா, நம்ம கையாலேயே வெட்டின துண்டுகள். என்ன கம்பெனி வரும்னு எனக்கு இன்னும் தெரியலை. ஆனா, இந்த ஞாயித்துக்கிழமை வேலை என்னன்னு தெரியுது. அது போதும்னு தூக்கம் வருது.

உங்க வீட்டுலயும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். திறந்து பாருங்க. கலர் உங்க இஷ்டம். டிசைனை மட்டும் வீட்டுப் பெரியவங்ககிட்ட விட்டுடுங்க. கடைசி வரைக்கும் கேட்காம இருக்க முடியுதான்னு பார்ப்போமா?