சப்ரொகாரே: ஒரு வினைச்சொல்லின் பயணம்

இன்ஷூரன்ஸ் பாடத்தில், தேர்வுக்கு முதல் நாள் இரவு மனப்பாடம் செய்யப்படும் கோட்பாடு ‘சப்ரொகேஷன்’. ஆனால் அந்தச் சொல் பிறந்தது இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இல்லை. ரோமாபுரியின் தேர்தல் களத்தில்!

லத்தீனில் ‘ரொகாரே’ என்றால் கேட்பது. ஒருவரைப் பதவிக்கு முன்மொழிந்து மக்களின் சம்மதத்தைக் கேட்பதும் அதே சொல்தான். அதன் முன்னால் ‘சப்’ சேர்ந்தால் ‘சப்ரொகாரே’. அதாவது, ஒருவர் விட்டுப்போன இடத்துக்கு இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கச் செய்வது.

மரபுக் கணக்குப்படி கி.மு. 509. அரசனை விரட்டிவிட்டு, இரண்டு கான்சல்கள் ஆளட்டும் என்று ரோம் முடிவு செய்த முதல் வருடம். கான்சல் புரூட்டஸ் போரில் இறந்தார் (சீசரைக் குத்திய புரூட்டஸ் அல்ல, இவர் பல நூற்றாண்டு மூத்தவர்). மிச்சமிருந்த வலேரியஸ் அந்தக் காலி இடத்தை நிரப்பவில்லை. போதாக்குறைக்கு வேலியா மேட்டின் உச்சியில் வீடு வேறு கட்டினார். ‘ராஜாவாகப் பார்க்கிறார்’ என்று ஊர் பேச ஆரம்பித்தது. இதை எழுதும்போது வரலாற்றாசிரியர் லிவி பயன்படுத்தும் வினை இதேதான். கடைசியில் வலேரியஸ் வீட்டை மேட்டின் அடிவாரத்துக்கு மாற்றினார், தேர்தலும் நடத்தினார்.

சட்டத்துக்குள் வந்தபோது சொல்லின் வேலை மாறியது. இழப்பீடு கொடுத்த கம்பெனி, பாலிசிதாரரின் இடத்தில் நின்று அவருடைய உரிமைகளைப் பெறுகிறது. 1883இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு, கேஸ்டலெய்ன் எதிர் பிரஸ்டன். விற்க ஒப்பந்தமான வீடு தீப்பிடித்தது. விற்றவர் 330 பவுண்டு காப்பீடும் வாங்கினார், பிறகு வீட்டின் முழு விலையும் வாங்கினார். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு வரவு கூடாது என்று நீதிமன்றம் சொல்ல, காப்பீட்டுப் பணம் திரும்பியது.

‘சப்ரொ’ என்பது வாயில் புழங்கி ‘சர்ரொ’ ஆனது. அதன் வாரிசுதான் ‘சரகேட்’. தமிழில் அதற்கு ‘வாடகைத் தாய்’ என்று பெயர் வைத்துவிட்டோம். லத்தீன் சொல்லில் வாடகையே கிடையாது, கேட்பது மட்டும்தான் இருக்கிறது. இந்தியாவின் 2021 சட்டமும் வணிக நோக்கிலான வாடகைத் தாய் முறையைத் தடை செய்கிறது. மருத்துவச் செலவும் காப்பீடும் தரலாம், கூலி தரக்கூடாது. அந்தப் பெண்ணின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். கரு வைக்கப்படும் முன்பு அவர் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம்.

சட்டத்திலிருந்து வாடகை போய்விட்டது. நம் சொல்லிலிருந்து எப்போது போகும்?