தேய்க்கும் முன் நனையுங்கள்

கோவில்பட்டியில் புது கார் வாங்குகிறவர்கள் வெளிப் பெயின்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை இந்த ஊரில் ஒரு கார் முதலில் கிழடு தட்டுவது உள்ளேதான். கதவுக்குக் கீழே செருப்பு உரசும் விளிம்பு, டோர் பேடின் அடிப்பகுதி, முன்சீட்டின் முதுகு, டிக்கியின் வாய் என்று நாலு இடத்திலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்துவிடும். வீட்டில் பிள்ளைகளைத் திட்டுவார்கள். அந்தப் பழியில் பெரும்பங்கு, அவசரமாகத் துடைக்கிற கைக்குச் சேரவேண்டியது.

ஆனியும் ஆடியும் நமக்கு மழை மாதங்கள் அல்ல. மேற்குமலை மழையைத் தன் பக்கமே வாங்கிக்கொண்டு, காய்ந்த காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்புகிறது. கயத்தாறில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்றுதான் கரிசல் புழுதியை அள்ளிவந்து டேஷ்போர்டில் படியவைக்கிறது. விரலில் எடுத்தால் நைசாகத்தான் தெரியும். ஆனால் அதில் மணல் துகளும் சுக்கான் கல் பொடியும் கலந்திருக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, கண்ணாடியையே கீறும். காருக்குள் இருப்பதோ பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். அந்தப் புழுதிமேல் காய்ந்த துணியை அழுத்தி ஓட்டுவது உப்புத்தாள் போடுகிற மாதிரிதான்.

அதனால் முதலில் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே பையத் தட்டிவிடுங்கள். வேக்குவம் இருந்தால் கூடவே இழுத்துவிடலாம். பிறகு மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, இரண்டு சொட்டு ஷாம்பு விட்டுத் துடைத்தால் போதும். வெயிலில் நின்ற வண்டியை உடனே துடைக்க வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் இன்னும் இளகியிருக்கும், கீறல் சுலபமாக விழும். பளபளவென்று எண்ணெய்ப் பசை விடும் பாலிஷ் நம் ஊருக்கு ஆகாது. மறுநாளே அதன்மேல் புழுதி அப்பிக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் கதை வேறு. செருப்பின் அடியில் அடை அடையாக ஏறிய கரிசல் சேறு, கதவு விளிம்பில் ஒட்டிக் காய்ந்து கல்லாகிவிடும். அதைக் குச்சியாலோ சாவியாலோ நோண்டாதீர்கள். நம் மண்ணின் குணம் நமக்குத் தெரியாதா? தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். ஈரத்துணியை அதன்மேல் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். மண் தண்ணீரைக் குடித்து ஊறி, தானே பிடியை விடும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். கோடு விழுமென்று பயந்து, காட்டிலிருந்து வரும் அப்பத்தாவைக் காரில் ஏற்றத் தயங்குகிற வீடுகள் இருக்கின்றன. அது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கால்வைக்கிற விளிம்புக்குத் தடித்த ஒட்டுப்படம் போட அதிகம் செலவாகாது. முன்சீட்டின் முதுகுக்கு ஓர் உறை போட்டால் பேரன் காலை ஆட்டிக்கொண்டே வரட்டும். தீப்பெட்டி பண்டலோ, 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கடலைமிட்டாய்ப் பெட்டியோ ஏற்றுவதென்றால், டிக்கியின் வாயில் பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, இழுக்காமல் தூக்கி வையுங்கள். வண்டி இருப்பது இவர்களையும் இவற்றையும் சுமக்கத்தான்.

இனி, விழுந்துவிட்ட தடத்துக்கு வருவோம். கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் கீறலே அல்ல, செருப்பு ரப்பர் ஒட்டியது. சோப்புத் தண்ணீரிலேயே போகும். தின்னரும் பெட்ரோலும் தொடவே வேண்டாம். உள்ளே ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் இருக்கும், அதைத் தின்னர் கரைத்துவிடும். மேஜிக் ஸ்பாஞ்சை அழுத்தித் தேய்த்தால் கறை போகும், கூடவே பிளாஸ்டிக்கின் சொரசொரப்பும் போய், அந்த இடம் மட்டும் மினுங்கும்.

வெள்ளைக்கோடு என்றால் பிளாஸ்டிக் இழுபட்டு வெளுத்திருக்கிறது என்று அர்த்தம். அது மேலோட்டமாக இருந்தால் முடி உலர்த்தும் டிரையரின் சூட்டிலேயே மங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். ஒர்க்‌ஷாப்பில் வைத்திருக்கும் ஹீட் கன்னை வீட்டில் எடுக்காமலிருப்பது நல்லது. பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உருகிவிடும். ‘ஏர்பேக்’ என்று பொறித்திருக்கும் எந்தப் பகுதியிலும் சூடு காட்டவோ எதையும் ஒட்டவோ கூடாது. அது உயிர் காக்கிற இடம்.

நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான பள்ளத்தை எந்தச் சூடும் நிரப்பாது. அடைத்துப் பெயின்ட் அடித்தாலும், அச்சில் வார்த்த அந்தச் சொரசொரப்பு திரும்பக் கிடைப்பது கடினம். என்னைக் கேட்டால் அதை அப்படியே விட்டுவிடலாம். விற்கும் நேரத்தில் விலை குறையுமே என்று மனசு கேட்காதவர்கள், மதுரைப் பக்கம் காயலான் கடைகளில் அதே மாடலின் டோர் பேடைத் தேடலாம். போகும்போது வண்டி எந்த வருடத்தது என்பதையும் உள்பக்க நிறத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் கிளிப் இடம் மாறும்.