காற்று ஓய்ந்த பிறகு

மலேசியாவின் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் நாள் முழுக்க அடிக்கும் புயல் எதுவும் வருவதில்லை. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் வாக்கிலும் மதியத்துக்குமேல் வானம் கறுக்கும். இடியோடு காற்று சுழற்றி அடிக்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். அதற்குள் ஒரு வீட்டுத் தகரக்கூரை பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கும்.

இவ்வளவு சீக்கிரம் அடங்கிவிடுவதுதான் வம்பு. இருட்டுவதற்குள் கூரையை மூடிவிடலாம் என்று வீட்டுக்காரர் ஏணியைத் தூக்குகிறார். நனைந்த தகரம் வழுக்கும். ஆணி பிடுங்கிய சட்டம் ஆளைத் தாங்காது. அறுந்த மின்கம்பி உரசிக்கொண்டிருந்தால் கூரை முழுவதும் கரண்ட் பாயும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படியொரு கம்பி கண்ணில் பட்டால் தூர விலகி, மின் நிறுவனமான தெனாகாவின் 15454 எண்ணையோ 999ஐயோ அழைப்பதே சரி. 'கரண்ட்தான் இல்லையே' என்ற தைரியம் ஆகாது, எந்த நேரமும் அது திரும்ப வரலாம். மெயின் சுவிட்சை அணைக்கப் போகிறவர் தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் தொடக்கூடாது.

பழைய வீடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை உண்டு. உடைந்த துண்டுகளை உலர்ந்தபடியே விளக்குமாற்றால் கூட்டினால் நார்த்தூள் நுரையீரலுக்குப் போகும். அதனால் வரும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். தண்ணீர் தெளித்து, துண்டுகளை மேலும் உடைக்காமல் எடுக்க வேண்டும். துணி மாஸ்க் இதற்குப் பயன்படாது.

2018 நவம்பர் 16 அன்று தமிழ்நாட்டில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லாத காவிரி டெல்டா கிராமங்கள் தண்ணீர் இறைக்க ஜெனரேட்டரை நம்பின. வெளியே வைத்தவரை அது உதவி. வீட்டுக்குள்ளோ கார் நிறுத்துமிடத்திலோ ஓடினால் அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் ஆளைக் கொல்லும். அமெரிக்காவின் லூசியானாவில் 2020 ஆகஸ்டில் லாரா சூறாவளி ஓய்ந்த பிறகு பலர் இறந்தது இப்படித்தான்.

சேறு புகுந்த வீட்டில் எலிமூத்திரமும் கலந்திருக்கும். அதிலிருந்து தொற்றும் எலிக்காய்ச்சல் மலேசியாவில் 2010 முதல் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். எனவே பூட்ஸும் கையுறையும் இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம். குளோராக்ஸ் போன்ற ப்ளீச்சோடு கழிவறை ஆசிடைக் கலக்கவும் வேண்டாம், விஷவாயு கிளம்பும். எதையும் துடைத்து எறிவதற்கு முன் சேதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். உதவிக்கு மனு போடும்போது கேட்பார்கள்.