பூந்தண்டில் முளைப்பதெல்லாம் பூவல்ல

பாசிக்குடாவுக்கு வருகிறவர்கள் அலை குறைந்த, ஆழமில்லாத கடலைத் தேடி வருகிறார்கள். விடுதி வாசலில் அவர்களை முதலில் வரவேற்பது பெரும்பாலும் ஓர்கிட் பூ. பூ உதிர்ந்த பிறகு அந்தச் செடி என்னவாகிறது என்பதை அறியத்தான் கல்குடாப் பக்கம் ஒரு வீட்டு நாற்றுமேடைக்குப் போனேன்.

வளவின் பின்புறம் கிடுகும் நிழல்வலையும் போட்ட பந்தல். அதன்கீழ் இலை சுருங்கியவை, தண்டு மட்டும் மிஞ்சியவை என்று சாடிகள் வரிசையாக இருந்தன. அவற்றைப் பராமரிக்கும் அக்கா முன்பு விடுதித் தோட்டமொன்றில் வேலை செய்தவர். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் குருதியில் நனைந்தது. சுற்றுலா படுத்தது. எழ முயன்றபோது 2020-இல் கொரோனா வந்து சேர்ந்தது. 2021-இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பூச்செடிக்குத் தெளிக்கும் உரமும் அகப்படவில்லை. கேட்பாரற்றுக் கிடந்த ஓர்கிட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து பிழைக்கவைக்க அவர் பழகியது அந்தக் காலத்தில்தான். இப்போது அயல்வீட்டுப் பெண்களும் இந்தத் தொழிலில் சேர்ந்திருக்கிறார்கள்.

நான் போன நேரம் டென்ட்ரோபியம் என்னும் ஓர்கிட் வகைச் சாடி ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மக்கிய தும்பு, அதற்குள் கறுத்த வேர்கள். ஒவ்வொரு வேரையும் விரலுக்கிடையில் வைத்து அழுத்தினார். நசுங்கி, தோல் கழன்று, நடுநரம்பு மட்டும் நூலாகத் தொங்கினால் அது செத்த வேர். அழுத்தத்துக்கு இறுகி நிற்பது உயிருள்ளது. ஓர்கிட் வேரைப் போர்த்தியிருக்கும் பஞ்சுப் படலம் காய்ந்திருந்தால் வெள்ளியாகவும் நனைந்தால் பச்சையாகவும் தெரியும். செத்த வேருக்கு அந்த நிறமாற்றம் இல்லை.

“வேரைப் பார்க்காம தண்ணி ஊத்தக்கூடா தம்பி. வேர் இல்லாத செடிக்கு ஊத்துற தண்ணி அழுகலுக்குத்தான் போகும்” என்றார்.

கத்தரிக்கோலை விளக்கில் காட்டிச் சூடாக்கி ஆறவிட்டுத்தான் ஒவ்வொரு செடியிலும் வைக்கிறார். ஒரு செடியின் சாறு பட்ட கத்தி அடுத்த செடிக்கு வைரசைக் கொண்டுபோகும். ஓர்கிட்டுக்கு வைரஸ் பிடித்தால் மருந்தில்லை. வெட்டிய வாயில் கறுவாத்தூள் தொட்டுவைத்தார். ஈரத்தை உலர்த்திப் பூஞ்சணத்தைத் தடுக்கும் அதே தூள் நல்ல வேரில் பட்டால் அதையும் உலர்த்திவிடும் என்பதால், அளவு விரல்நுனியளவுதான். இலையே இல்லாத பழைய தண்டுகளை மட்டும் அவர் வெட்டவில்லை. செடியின் உணவுச் சேமிப்பு அங்கேதான் இருக்கிறது. உறங்கும் கண்ணும் அதன் அடியிலேதான். பிறகு சிரட்டைக்கரியும் பொச்சுத் துண்டும் கலந்து, வேர் கொள்ளும் அளவுக்குச் சின்னச் சாடியில் வைத்துக் கட்டினார். பெரிய சாடி என்றால் ஈரம் உள்ளே தேங்கும்.

அடுத்த வரிசை ஃபலெனாப்சிஸ். அகன்ற இலையும் வண்ணத்துப்பூச்சி போன்ற பூவுமாக விடுதிகள் விரும்பி வாங்கும் செடி. பூவெல்லாம் உதிர்ந்த ஒரு தண்டின் கணுவில் பச்சையாக ஏதோ முளைத்திருந்தது. மறுபடி பூக்கப்போகிறது என்றுதான் யாரும் மகிழ்வார்கள். அக்கா அதைத் திருப்பிக் காட்டினார். கணுவிலிருந்து மூன்று வகையாகத் துளிர் வரலாம். முனை உருண்டு, செதில் மூடி, நீண்டுகொண்டே போனால் அது பூக்கிளை. முனை தட்டையாகி இரண்டு இலையாகப் பிரிந்தால் அது குட்டி. செதிலே இல்லாமல் வழுவழுவென்று பச்சை முனையோடு வளைந்து இறங்கினால் வேர். வேர் பெரும்பாலும் குட்டியின் அடியிலிருந்துதான் புறப்படும். இவர் காட்டியது குட்டி.

அது ஏன் பூவாகவில்லை என்பதற்குக் காரணம் இந்த மண்ணின் வெக்கை. பகல் வெப்பம் 29 பாகை செல்சியசில் நீடித்தால் ஃபலெனாப்சிசில் பூந்தண்டு எழுவதே அரிது. கண்டி, பேராதனைப் பக்கத்துக் குளிர்ந்த இரவுகளில் எழுந்த தண்டைப் பாசிக்குடாவுக்குக் கொண்டுவந்தால், அதில் உறங்கும் கணுக்கள் பூவை விட்டு இலைக்குத் திரும்பிவிடுகின்றன. தழைச்சத்து மிகுந்தாலும் அப்படித்தான். வேர் அழுகி, நடுக்குருத்தும் பட்டுப்போன செடியோ தன் வம்சத்தைக் காக்கத் தண்டிலேயே குட்டி விடும். டென்ட்ரோபியத்தின் மேற்கணுக்களில் குட்டி கிளம்பினாலும் அக்கா முதலில் சாடிக்குள்ளேதான் விரல் விடுகிறார். “தலையில குட்டி போட்டா காலைப் பாருங்க” என்பது அவர் அயல்பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்.

குட்டியை உடனே பிரிப்பதில்லை. இரண்டு மூன்று இலையும், இரண்டு மூன்று அங்குல வேரும் வரும்வரை தாயோடு விடுவார். தாய்க்குத் தெம்பிருந்து, முளைத்தது பூக்கிளையாகவும் இருந்தால் பூக்கவிடலாம். தெம்பில்லாத செடியில் பூக்கிளை வந்தால் மனதைக் கல்லாக்கி அடியோடு வெட்டிவிடுகிறார். பூ என்பது செடிக்குப் பெருஞ்செலவு. அதைத் தாங்கும் வேர் முதலில் வரவேண்டும்.

தண்ணீர் இங்கே தனிப் போராட்டம். கடலோரக் கிணற்றில் உப்பு. 2004 சுனாமி கிழக்குக் கரையோரக் கிணறுகளைக் கெடுத்ததை இங்கே எவரும் மறக்கவில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் ஓர்கிட்டின் வேர்முனை கருகும், இலைநுனி காயும். ஐப்பசி தொடங்கித் தைவரை கொட்டும் மாரிமழையை அவர் பீப்பாய்களில் பிடித்துவைக்கிறார். அதே மாரியில் குருத்துக்குள் தண்ணீர் தேங்கினால் ஒரே இரவில் அழுகல் தொடங்கும் என்பதால், செடிகளைச் சாய்த்துக் கட்டுவதும் அப்போதுதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கதை தலைகீழ். தரையை நனைத்து, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, பந்தலுக்குள் ஈரப்பதத்தைக் காக்க வேண்டும்.

இத்தனையும் விரலாலும் கண்ணாலும் படித்த படிப்பு. ஆனால் விடுதிக் கணக்கில் இதன் பெயர் தோட்டக் கூலி. செடி வாங்கப் பணம் இருக்கிறது. அதைப் பிழைக்கவைக்கும் கைக்குத் தனிச் சம்பளம் இல்லை. பூ உதிர்ந்ததும் குப்பைக்குப் போகும் செடிகளில், பாதி வழியில் இந்தப் பந்தலுக்கு வந்துசேர்ந்தவை அதிர்ஷ்டம் செய்தவை.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வெக்கையில் தவிக்கும் ஃபலெனாப்சிசைக் குறைத்து, தாழ்நில வெப்பத்தில் தழைக்கும் டென்ட்ரோபியத்தையும் வாண்டாவையும் விடுதிகள் நாடலாம். உலர் வலயக் காட்டு மரங்களில் தானாக வளரும் வாண்டா இனமே இந்நாட்டில் உண்டு. விடுதிக் கூரைகளில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்தால் உப்புக்குப் பயப்பட வேண்டியதில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. அங்குள்ள மாணவர் இந்தப் பந்தலுக்கு வந்து, இப்பெண்கள் அறிந்ததைப் பதிவுசெய்ய, இவர்களும் அங்கே போய் வைரசையும் உப்பளவையும் சோதிக்கப் பழகலாம். எல்லாவற்றுக்கும் முன்னதாக, செடி வாங்கும் விடுதி ஒவ்வொன்றும் அதைப் பார்ப்பவருக்கும் தன் சம்பளப் பட்டியலில் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.